செமஸ்டருக்குள் அடங்காத ஊர்

சுகாதார மேம்பாட்டைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக நடத்துவோர் அதற்காகப் பேசும்போது ஒரு வாதத்தை விடாமல் சொல்கிறார்கள்: மாணவர் ஊருக்குள் போகிறார், இளைஞரோடு உட்கார்ந்து பேசுகிறார், ஊர் தன் பிரச்சினையைத் தானே கண்டு தானே தீர்க்கிறது. இதைவிட மக்களுக்கு நெருக்கமான கல்வி வேறு எது என்று கேட்கிறார்கள்.

பாதி உண்மை. மிகிந்தலையில் ராஜரட்டப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு துறையை நடத்துவது சிறிய காரியமல்ல. ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் வந்து உபதேசம் செய்துவிட்டுப் போன பழைய சுகாதாரக் கல்வியோடு ஒப்பிட்டால், முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பேசப் பழகிய பட்டதாரி எவ்வளவோ மேல். நோய் வைத்தியருக்கு மட்டும் உரிய விஷயமல்ல என்பதை இந்தப் படிப்பு அழுத்தமாகச் சொல்லித்தருகிறது. அதையும் மறுக்கவில்லை.

என் ஆட்சேபம் பழையது: இங்கே நாட்காட்டிதான் கோட்பாட்டை எழுதுகிறது. சுகாதார மேம்பாட்டுக்கான 1986இன் ஒட்டாவா சாசனம் ஐந்து வேலைகளை வரிசைப்படுத்தியது. முதலாவது பொதுக் கொள்கை, இரண்டாவது துணைநிற்கும் சூழல், மூன்றாவது சமூகச் செயற்பாடு. தனிமனிதத் திறன் நான்காவதாகத்தான் வருகிறது. ஐந்தாவது, சுகாதார சேவைகளைத் திசைதிருப்புவது. விரிவுரையில் ஐந்தும் உண்டு, பரீட்சைத்தாளிலும் ஐந்தும் உண்டு. களத்துக்குப் போனதும் நான்காவது மட்டும் மிஞ்சுகிறது. காரணம் எளிது. தொடக்கத்தில் ஒரு வினாக்கொத்து, முடிவில் ஒரு வினாக்கொத்து, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்குப் புள்ளி. மூன்று மாதத்தில் பதினாறு வயதுப் பிள்ளையின் பதில் மாறும், பிரதேச சபையின் தீர்மானம் மாறாது. ஆகவே மாணவர் மாறக்கூடியதைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டாம் முறை கேட்கும்போது எந்தப் பதில் சரியென்பது அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

மலையகத் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். இளைஞர் குழு அமைப்பார்கள், குடிக்குப் போகும் பணத்தைக் கணக்கிட அட்டை கொடுப்பார்கள், கைகழுவும் முறையைச் செய்து காட்டுவார்கள். பீலியில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, ஒரு லயன் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சந்தியில் இருக்கும் பாருக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தது யார் என்பவை அறிக்கையின் ‘பின்னணி’ அத்தியாயத்தில் போய் ஒடுங்கும். அவற்றோடு மோதினால் செமஸ்டர் முடிவதற்குள் காட்ட ஒன்றும் இருக்காது.

உலகம் இத்துறைக்கு முன்மாதிரியாகக் காட்டும் வேலைகளுக்கு இந்த அவசரம் இருக்கவில்லை. இதயநோய் மரணங்களால் நிலைகுலைந்த பின்லாந்தின் வட கரேலியா மக்கள் 1971இல் தாங்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பெக்கா புஸ்கா தலைமையில் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டுக்கென்று திட்டமிட்டது 25 ஆண்டுகள் ஓடியது. வெண்ணெயைக் குறையுங்கள் என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. பால்பண்ணைக்காரர் பழச்செடிப் பயிருக்கு மாறவும் வழி தேடினார்கள். ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 வீதத்தினர் கணக்கெடுப்புக்கு முந்திய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 வீதம். இடையில் நடந்தவை ஓயாத கணக்கெடுப்புகள், பெற்றோர் உடன்பாடுகள், இரவில் பிள்ளைகள் வெளியே நிற்கக்கூடிய நேரத்துக்குச் சட்டம், விளையாட்டுக்கும் இசைக்கும் பொதுப்பணம். சுவரொட்டிப் போட்டியால் வந்த மாற்றமல்ல அது.

இளநிலை மாணவரிடம் கால் நூற்றாண்டு கேட்பது நியாயமா என்பார்கள். மாணவரிடம் கேட்கவில்லை, துறையிடம் கேட்கிறேன். ஒரே ஊருக்குப் பத்து அணிகள் அடுத்தடுத்துப் போகட்டும். முந்தைய அணி விட்ட இடத்தில் பிந்தைய அணி தொடங்கட்டும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட்டும் மதுவும் விற்கக்கூடாது. அந்த ஊர்க் கடைகளில் அது மதிக்கப்படுகிறதா என்று எண்ணிப் பார்த்து மதுவரித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்துக்கும், பிரதேச சபையில் அதை எழுப்பவைக்கும் முயற்சிக்கும் புள்ளி கொடுக்கலாமே. கேட்டால் ‘அரசியல்’ என்று ஒதுங்குகிறார்கள். கொள்கையை முதலிடத்தில் வைத்த சாசனத்தை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அரசியல் வேண்டாம் என்பது கோழைத்தனம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்குள் களப்பணிக்குப் போக நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் தேவை, அதைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்றும் ஒரு சமாதானம் உண்டு. தண்ணீருக்கும் லயனுக்கும் பதில் சொல்லவேண்டியவரே அந்தக் கடிதத்திலும் கையெழுத்திடுகிறார். அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டு உள்ளே போகும் மாணவர், வாசலிலேயே பாதிக் கேள்விகளை இறக்கி வைத்துவிடுகிறார்.