ஸ்டோனர் போட்ட எஃப்

ஜான் வில்லியம்ஸின் 'ஸ்டோனர்' நாவலைப் படித்துவிட்டு என்னிடம் பேசிய எல்லோரும் அதன் துயரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். கசந்துபோன திருமணம், கையை விட்டுப் போகும் மகள், தாமதமாக வந்து சீக்கிரம் முடிந்துபோகும் காதல், கடைசியில் தான் எழுதிய ஒரே புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாவு. 1965இல் வெளியாகி, கவனிக்கப்படாமல் கிடந்து, 1994இல் ஆசிரியர் இறந்த பிறகு உலகமெங்கும் வாசிக்கப்பட்ட நாவல் என்பதால் அந்தத் துயரத்துக்கு ஒரு மவுசும் சேர்ந்துவிட்டது. எனக்கு அந்த நாவல் வேறு மாதிரி. அதன் கதையைத் திருப்பிப் போடுவது காதலோ கல்யாணமோ இல்லை. ஒரு முதுகலை மாணவனுக்கு மார்க் போடும் விவகாரம்.

மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஸ்டோனர் நடத்தும் செமினாரில் சார்ல்ஸ் வாக்கர் என்று ஒருவன் வந்து சேர்கிறான். நன்றாகப் பேசுவான். படிக்க மாட்டான். தன் முறை வரும்போது, எழுதியதை வாசிப்பது போலப் பாவனை செய்துகொண்டு, அதற்கு முன் காதரின் டிரிஸ்கல் வாசித்த கட்டுரையைத் தாக்கியே நேரத்தை ஓட்டிவிடுகிறான். கட்டுரையைக் கொடு என்றால் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. ஸ்டோனர் எஃப் போடுகிறார். வாக்கர் இன்னொரு பேராசிரியரான லோமாக்ஸின் செல்லப்பிள்ளை. அடுத்து வரும் வாய்மொழித் தேர்வில் லோமாக்ஸ் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்து எடுத்துக்கொடுக்கிறார். ஸ்டோனரோ அடிப்படைக் கேள்விகளைக் கேட்கிறார். வாக்கர் விழிக்கிறான். ஸ்டோனர் தேறவில்லை என்கிறார், அதிலேயே நிற்கிறார். அதன் பிறகு லோமாக்ஸ் துறைத்தலைவர் ஆகி, இருபது வருடத்துக்கு மேல் ஸ்டோனரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஸ்டோனருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முதலாண்டு வகுப்புகள்தான்.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு பெரிய விலையா என்று நம் ஊரில் படித்த ஒருவருக்குத் தோன்றலாம். நமக்கு ஃபெயில் என்றால் அரியர். நவம்பரில் போனால் ஏப்ரலில் எழுதலாம். அரியர் வைத்தவனுக்கென்று தனி நட்பு வட்டம், தனி ஜோக், தனி கௌரவம்கூட உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 50 எடுத்தால் எம்.இ. பேப்பரிலும் பாஸ். அமெரிக்காவில் எம்.எஸ். போய் இறங்கிய முதல் வாரம் சீனியர் ஒருவர் சொன்னது: "மச்சி, இங்க ஏ-ன்னா பாஸ், பி-ன்னா ஜஸ்ட் பாஸ், அதுக்குக் கீழ போனா டிக்கெட் போட்டுக்கோ." மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருந்தது. ஏ என்றால் 4, பி 3, சி 2. பெரும்பாலான முதுகலைப் படிப்புகளில் சராசரி 3.0க்குக் கீழே போகக்கூடாது. முதல் செமஸ்டரில் மூன்று பாடம் எடுத்து, இரண்டில் பி, ஒன்றில் பி மைனஸ் வந்தால் சராசரி 2.9. எச்சரிக்கைக் கடிதம் வந்துவிடும். ஒரு சி-யை ஈடுகட்ட ஒரு முழு ஏ வேண்டும். பெரும்பாலும் உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் அதே 3.0இல்தான் தொங்கிக்கொண்டிருக்கும். படிப்பை விட்டு நீக்கினால் மாணவர் விசாவும் நிற்காது.

ஆக, காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு படிகள் இருக்கும் ஏணி, நடைமுறையில் ஒரு கதவு. திறந்திருக்கிறது அல்லது மூடியிருக்கிறது. (ஆபீஸில் வருடக்கடைசி ரேட்டிங்கும் இப்படித்தான். ஐந்து எண்கள் இருக்கும், எல்லோருக்கும் மூன்று.)

இந்த இடத்தில்தான் எனக்கு வில்லியம்ஸோடு சண்டை. வாக்கரைப் பித்தலாட்டக்காரனாக எழுதி, ஸ்டோனரின் வேலையை அவர் சுலபமாக்கிவிட்டார். போதாததற்கு வாக்கர், லோமாக்ஸ் இருவருக்கும் உடல் ஊனத்தைக் கொடுத்து அதன் மேல் வன்மத்தையும் ஏற்றியிருக்கிறார். நாவலின் பலவீனமான இடம் அது. ஏமாற்றுகிறவனுக்கு எஃப் போட என்ன தைரியம் வேண்டும்? மேலதிகாரியைப் பகைத்துக்கொள்ளும் தைரியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்ப்பில் ஒரு குழப்பமும் இல்லை. உண்மையில் கை நடுங்கவேண்டிய இடம் வேறு.

இரண்டாவது வருடம் அல்காரிதம் பாடத்துக்குத் தாள் திருத்தும் வேலை பார்த்தேன். செமஸ்டர் முடிவில் பேராசிரியர் எல்லோருடைய மொத்த மதிப்பெண்ணையும் இறங்குவரிசையில் அடுக்குவார். இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி எங்கே பெரிதோ, அங்கே கோடு. அதுதான் கிரேடு. அந்த முறை பி-க்கான கோட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பெயர் நின்றது. ஒரு வகுப்பு தவறவிடாத ஆள், எல்லா அசைன்மெண்டையும் நேரத்துக்குக் கொடுத்த ஆள். நிரூபணம் எழுதச் சொன்னால் மட்டும் வரவில்லை. பேராசிரியர் கேட்ட ஒரே கேள்வி: இவருக்கு உதவித்தொகை உண்டா? உண்டு என்றேன். கோடு கொஞ்சம் கீழே இறங்கியது. கூடவே இன்னும் இரண்டு பேர் கரையேறினார்கள்.

இது லோமாக்ஸ் செய்த வேலையா? அன்று இல்லை என்றுதான் நினைத்தேன். தாளின் ஓரத்தில் எது தவறு, ஏன் தவறு என்று அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பொய் சொன்னது அந்த எழுத்து மட்டும்தான். ஆனால் எல்லோரும் கோட்டை இறக்கும்போது எழுத்துக்கு அர்த்தம் போய்விடுகிறது. அப்போது நிஜமான மதிப்பீடு பரிந்துரைக் கடிதத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பி.எச்டிக்கு விண்ணப்பித்தவர்களுக்குத் தெரியும்: அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நாமே டிக் செய்து விட்டுக்கொடுத்துவிடுவோம். எல்லோரும் பார்க்கும் கிரேடு பொய்யாகி, யாரும் பார்க்க முடியாத கடிதம் உண்மையாகிறது. கடிதம் யாருக்கு நன்றாக வரும்? லோமாக்ஸ் இருப்பவனுக்கு. லோமாக்ஸ் இல்லாதவனுக்குக் கையில் இருப்பது அந்த எழுத்து ஒன்றுதான். அதனால்தான் ஸ்டோனரின் பிடிவாதத்தை வெறும் நேர்மை என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அன்று அவர் காப்பாற்றியது, ஒழுங்காக எழுதிவந்து வாசித்த காதரின் டிரிஸ்கலின் உழைப்புக்கு இருந்த மதிப்பை.

ஆனால் வில்லியம்ஸ் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர். வாக்கர் விழிக்கும் காட்சிக்கு வெகு முன்பே இன்னொருவன் விழிக்கிறான். விவசாயம் படிக்க வந்த பண்ணை வீட்டுப் பையன். இரண்டாம் ஆண்டு இலக்கிய வகுப்பு. பேராசிரியர் ஆர்ச்சர் ஸ்லோன் ஷேக்ஸ்பியரின் சானெட் ஒன்றைச் சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று அவனைக் கேட்கிறார். அவனால் வாக்கியத்தைத் தொடங்கத்தான் முடிகிறது, முடிக்க முடிவதில்லை. வாய்மொழித் தேர்வின் கணக்கில் சுழியம். அந்தப் பையன்தான் ஸ்டோனர். பின்னாளில், நீ ஆசிரியனாகப் போகிறாய் என்று அவனுக்கே தெரியாததை அவனிடம் சொல்கிறவரும் அதே ஸ்லோன்தான்.

இரண்டு பேரும் வாயடைத்துத்தான் நிற்கிறார்கள். ஒருவனிடம் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொருவனுக்குச் சொல்லி முடிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.