14 சக்கர பிஎஸ்-6 லாரி: டிரைவர் சீட்டிலிருந்து

லாரி விமர்சனம் என்று பத்திரிகைகளில் வருவதை நானும் விடாமல் படிக்கிறேன். குதிரைசக்தி, டார்க், டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும், விலை என்ன. எல்லாம் ஓனர் கேட்கிற கேள்விகள். சங்ககிரியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றித் தார்ப்பாய் கட்டி, ஓசூர், தும்கூர், தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம் என்று புனே வரைக்கும் போய், வெங்காயமோ மக்காச்சோளமோ ஏற்றித் திரும்புகிறவனுக்கு வேறு கவலைகள். இடுப்பு தாங்குமா, ராத்திரி கண் மூட முடியுமா, தொப்பூர் இறக்கத்தில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்குமா, நடுக்காட்டில் நின்றால் யார் வருவார்கள்? இந்தப் பக்கத்திலிருந்து யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

வண்டி 42 டன் வகுப்பு, 14 சக்கரம், 280 குதிரைசக்தி. எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம் என்று ஓனர் கேட்டுக்கொண்டார். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. டாடா சிக்னா, லேலண்ட் ஏவிடிஆர், பாரத்பென்ஸ் என்று எதில் ஏறினாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும். மாடல் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஷோரூம்காரர் சொல்வதில் பாதியை நீங்களே தெரிந்துகொள்ளலாம். 4228 என்றால் மொத்த எடை 42 டன், சக்தி 280 குதிரை. 2018 ஜூலையில் ஆக்சில் எடை வரம்பை மத்திய அரசு உயர்த்திய பிறகு, 37 டன்னில் ஓடிக்கொண்டிருந்த இந்த வகை வண்டி 42-க்கு வந்தது. முன்னால் இரண்டு ஸ்டீயரிங் ஆக்சில்களில் நாலு சக்கரம், பின்னால் மூன்று ஆக்சில்களில் பத்து. அந்த மூன்றில் ஒன்று லிஃப்ட் ஆக்சில். காலியாகப் போகும்போது ஸ்விட்சைத் தட்டினால் அது மேலே ஏறிக்கொள்ளும். இரண்டு டயர் தேய்வது மிச்சம்.

கேபினைச் சொல்லும் முன் பழைய கதை கொஞ்சம் தேவை. ஒரு காலத்தில் ஃபாக்டரியிலிருந்து சாசி மட்டும்தான் வரும். பலகையைப் போட்டு அதில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்கண்ணாடிகூட இல்லாமல் அதை நாமக்கல் பட்டறைக்கு ஓட்டி வருவார்கள். அங்கே மரச்சட்டமும் தகரமும் வைத்துக் கேபின் கட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எஞ்சின் சூடு இடது தொடையைப் பொசுக்கிக்கொண்டே வரும். அந்தப் பக்கம் கோணி மடித்துப் போட்டுக்கொண்டு ஓட்டிய தலைமுறை எங்களுடையது.

இந்த வண்டியில் அந்தச் சூடு இல்லை. சீட் காற்றில் மிதக்கிறது: உடம்பு எடைக்கு ஏற்றபடி காற்றை வைத்துக்கொண்டால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது 'புஸ்' என்ற சத்தம் மட்டும் வருகிறது, அடி முதுகுத்தண்டுக்கு வருவதில்லை. ஸ்டீயரிங்கை மேலே, கீழே, முன்னே, பின்னே நகர்த்தலாம். பழைய வண்டியில் கியர் ராடு எஞ்சினோடு சேர்ந்து ஆடும். தோளால் தள்ளித்தான் போட வேண்டும். இதில் கேபிள். ஒன்பது கியரும் மணிக்கட்டு அசைவில் விழுகின்றன. கிளட்சுக்குக் காற்றின் உதவி இருப்பதால் பெங்களூர் நெரிசலில் மாட்டினாலும் இடது முழங்கால் மறுநாள் வலிப்பதில்லை. எனக்கு இந்த ஒன்றுக்காகவே வண்டியைப் பிடித்துவிட்டது.

பிடிக்காதது, உயரமும் இடப்பக்கமும். முன்பு கிளீனர் இருந்தான். இடது கதவில் தொங்கிக்கொண்டு, 'வரட்டும், வரட்டும், போதும்ணா' என்று தகரத்தைத் தட்டுவான். இன்று அந்த வேலைக்கு ஆள் கிடையாது; கிடைத்தாலும் ஓனர் சம்பளம் கொடுக்கத் தயாரில்லை. அவன் இடத்தில் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. ஆனாலும் முன்பக்கம் இடது மூலையில் ஒட்டி வந்து நிற்கும் ஸ்கூட்டர் எந்தக் கண்ணாடியிலும் முழுதாகத் தெரிவதில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் இரண்டு விநாடி நின்று, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்துகிறேன். பைக்கில் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது: லாரியின் மூக்குக்குக் கீழே நின்றால் டிரைவருக்கு நீங்கள் இல்லை.

இனி ஏசி. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவை அனைத்துக்கும் ஏசி கேபின் கட்டாயம். அந்த ஆணை வந்தபோது 'குளுகுளுவென்று இருந்தால் டிரைவர் தூங்கிவிடுவான்' என்று சொன்னவர்கள் உண்டு. சித்திரை மாதத்தில் சித்ரதுர்கா பக்கம் பகல் ஒரு மணிக்கு அவர்களை ஒரு தடவை பழைய கேபினில் உட்கார வைக்க வேண்டும். கண்ணைச் சொருக வைப்பது வெயிலும் அனல்காற்றும்தான். ஏசியில் ஓட்டினால் சாயங்காலம் இறங்கும்போது தலை பாரம் இல்லை, தண்ணீர்த் தாகம் குறைவு, ஹார்ன் சத்தம் காதில் அறைவதில்லை. எரிச்சலும் குறைகிறது. முன்னால் போகிற கார்க்காரனைத் திட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது என்று என்னோடு வரும் இரண்டாவது டிரைவர் சொல்கிறார்.

சிக்கல் வண்டியை நிறுத்தின பிறகுதான். இந்த ஏசி எஞ்சின் ஓடினால்தான் ஓடும். ராத்திரி பதினொரு மணிக்கு ஹோட்டல் வாசலில் நிறுத்தி, பின்னால் இருக்கும் படுக்கையில் சாய்கிறோம். எஞ்சினை அணைத்தால் கால் மணி நேரத்தில் கேபின் வெந்துவிடும். கண்ணாடியை இறக்கினால் கொசு, கூடவே செல்போன் திருடன். எஞ்சினை ஓடவிட்டால் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் டீசல். அது ஓனருடைய போனில் தெரியும். டாடாவுக்கு ஃப்ளீட் எட்ஜ், லேலண்டுக்கு ஐ-அலர்ட், பாரத்பென்ஸுக்கு ட்ரக்கனெக்ட் என்று எல்லாக் கம்பெனியும் வண்டியை ஓனர் கைக்குள் கொடுத்துவிட்டன. எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம், எத்தனை தடவை பிரேக்கை ஓங்கி மிதித்தான், எத்தனை நிமிடம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது, எல்லாம் வரும். காலையில் போன் வரும்.

"ஏம்ப்பா, ராத்திரி ரெண்டு மணி நேரம் எஞ்சின் ஓடியிருக்குதே?"

"கொசு தாங்கலீங்கண்ணா."

"கொசுவத்தி வாங்கிக்கலாமில்ல?"

மூடிய கேபினில் கொசுவர்த்திப் புகையோடு தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் அழகு புரியும். சட்டம் ஏசியைக் கொடுத்தது. அது ஓடுகிற வண்டிக்கு மட்டும். டிரைவருக்கு ஏசி அதிகம் தேவைப்படுவது நிற்கிற வண்டியில்.

கண்காணிப்பு முழுக்கக் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். டீசல் குறைந்தால் முன்பெல்லாம் முதல் சந்தேகம் டிரைவர் மேல்தான். இப்போது எங்கே எவ்வளவு எரிந்தது என்று கணக்கு இருக்கிறது, பழி குறைந்திருக்கிறது. ஆனால் குறுக்கே வந்த மாட்டுக்காக மிதித்த பிரேக்கையும் 'மோசமான பிரேக்கிங்' என்று மார்க் குறைப்பதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாடு அந்த ஆப்பில் வராது.

தொப்பூருக்கு வருவோம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பாதையில் இந்தக் கணவாய் இறக்கம் எத்தனை உயிரைக் குடித்தது என்பது தமிழ்நாட்டில் லாரி தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அங்கே இருக்கும் இரட்டைப் பாலத்தின் பேரைச் சொன்னாலே போதும். முப்பது டன்னோடு இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது பழைய பழக்கம். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுவார்கள். அணைத்தால் கம்ப்ரசர் நின்றுவிடும். பிரேக் மிதிக்க மிதிக்க டேங்கில் காற்று தீரும். டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வரும்போது காலம் கடந்திருக்கும்.

இந்த எஞ்சினில் அந்தப் பழக்கத்துக்கு அர்த்தமே இல்லை. டீசல் செலுத்துவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே எஞ்சினைச் சுற்றும். இன்ஜெக்டர் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் தள்ளினால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்குக்கு டீசல் எரியும். ஆக, நியூட்ரலில் விடுகிறவன் டீசலையும் வீணாக்கி உயிரையும் பணயம் வைக்கிறான். ஓனர்கள் இந்த ஒரு விஷயத்தை டிரைவர்களுக்கு உட்கார வைத்துச் சொன்னால் போதும்.

நான் இறங்குவது இப்படி. உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து நாலாவதோ ஐந்தாவதோ கியரைப் போட்டுவிடுவேன். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற நினைப்பது ஆபத்து. ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் பிரேக் லிவரை ஒவ்வொரு படியாக இழுத்தால், முதல் படியில் எஞ்சின் முனகும், கடைசிப் படியில் உறுமும், வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி அடங்கும். கால் பிரேக் வளைவில் மட்டும் லேசாக, விட்டுவிட்டு. கீழே வந்து டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வழக்கமான அனல் அடிக்கவில்லை. இந்த வண்டிக்கு நான் முழு மார்க் போடும் இடம் இது. ஒரு எச்சரிக்கை: 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இறக்கத்தில் காப்பாற்றாது. அது டீசலைத்தான் நிறுத்தும். முப்பது டன் தள்ளுவதை நிறுத்தாது.

பிஎஸ்-6 வந்ததிலிருந்து, அதாவது 2020 ஏப்ரலிலிருந்து, டிரைவருக்குப் புது வேலைகள் சேர்ந்திருக்கின்றன. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்ன டேங்க், புகையைச் சுத்தமாக்கும் டெஃப் திரவம் ஊற்ற. 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த நீர். நூறு லிட்டர் டீசலுக்குச் சுமார் நாலைந்து லிட்டர் போகும். தீர்ந்தால் முதலில் விளக்கு எரியும், பிறகு இழுவை குறையும், அப்புறம் வண்டி ஊர்ந்துதான் போகும். வழியில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று பேர் தெரியாத கேனை வாங்கி ஊற்றினால், தெளிக்கும் முனையில் வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். உர யூரியாவைக் கரைத்து ஊற்றுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மிச்சம் பிடித்த பணம் சர்வீஸ் சென்டருக்குப் போகும்.

சைலன்சரில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியும் உண்டு. ஹைவேயில் ஓடினால் அது தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். துறைமுகம், குடோன் என்று நின்று நின்று ஓடினால் அடைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்தி எரிக்கச் சொல்லி விளக்குப் போடும். அப்போது புகைப்போக்கி கொதிக்கும். வைக்கோல் போர், கரும்புச் சோகை, காய்ந்த புல் இருக்கிற இடத்தில் நிறுத்தி அந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது.

பழைய வண்டி நடுவழியில் நின்றால் இரண்டு ஸ்பேனரும் ஹேண்ட் பம்பும் போதும். காற்றை வெளியேற்றி, குழாயை ஊதி, ஏதாவது செய்து அடுத்த ஊர் சேர்ந்துவிடலாம். சாலையோரப் பட்டறைக்காரர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வார்கள். இதில் லேப்டாப் வந்தால்தான் கோளாறு பேசும். டீசல் லைனில் அழுத்தம் அவ்வளவு அதிகம் என்பதால், எஞ்சின் ஓடும்போது அதைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் கையைத் துளைத்துவிடும். பழைய பழக்கத்தில் யாரும் தொட வேண்டாம். மக்காச்சோள லோடுக்காகக் குடோன் வாசலில் காத்துக் கிடந்த ஒரு ராத்திரி எலி ஒயரைக் கடித்துவிட்டது. ஒரே ஒரு ஒயர். காலையில் எஞ்சின் விளக்கு எரிந்தது, இழுவை போய்விட்டது. ஆள் வந்து, படித்து, ஒட்டுப் போட்டுக் கிளம்ப மறுநாள் ஆனது. பழைய லாரியில் எலி கடிக்கிற மாதிரி ஒயரே அதிகம் இருக்காது.

மைலேஜ் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முழு லோடில் லிட்டருக்கு மூன்றரையைத் தாண்டுகிறது, நாலைத் தொடவில்லை. டயல் பச்சைக்குள் முள்ளை வைத்து ஓட்டினால் வரும். மைலேஜ் கூடினால் படியும் கூட வேண்டும் என்பது என் கட்சி.

தீர்ப்பு என்று கேட்டால்: சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவருக்கு, இதைவிட நல்ல வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். ஒரே ஒரு லாரி வைத்து, தவணை கட்டி, தானே ஓட்டுகிறவர் மட்டும் கையெழுத்துப் போடும் முன் தன் லைனில் எந்தெந்த ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது, ராத்திரி போன் எடுப்பார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் நின்றால் அவருக்கு ஒரு லோடு போச்சு.

ஓனர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சினை அணைத்த பிறகும் பேட்டரியில் ஓடுகிற பார்க்கிங் ஏசி வந்துவிட்டது. புது வண்டிக்கு விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். அது முடியாவிட்டால், ராத்திரி எஞ்சின் ஓடிய அந்த இரண்டு மணி நேரத்துக்குக் காலையில் போன் பண்ணாதீர்கள்.