மூணாப்பு நோட்டு

மூணாப்பு படிக்கிற பிள்ளையின் தமிழ் நோட்டை எடுத்து, மார்க்கைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பாருங்கள். ஒண்ணாப்பில் இரட்டைக் கோட்டை முட்டிக்கொண்டு நின்ற எழுத்துகள் இப்போது உடம்பைக் குறுக்கி வரிசையில் உட்காரப் பழகியிருக்கும். வரிக்கு ரெண்டு மூணு சொல் எழுதிய கை ஐந்தாறு சொல் எழுதும். மூணு சுழி 'ண' போடும்போது கை ஓடிய வேகத்தில் நாலாவது சுழியும் விழுந்திருக்கும். அதை ரப்பர் வைத்துத் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து மங்கலாகத் தெரியும். அந்தத் தேய்ந்த இடத்தை நான் ரொம்ப நேரம் பார்ப்பேன். டீச்சர் வட்டம் போடுவதற்கு முன்பே, தான் எழுதியது சரியில்லை என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது. எழுதி முடித்துத் திரும்பிப் பார்க்கிற கண் இந்த வயசில்தான் திறக்கிறது.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து நோட்டுகளுக்கு இன்னொரு அழகும் உண்டு. 'மளை பெய்தது', 'வாளைப்பளம் தின்றேன்'. அம்பாசமுத்திரம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் தாண்டியும் தாமிரபரணிக் கரை நெடுக வாழைதான். ஆனால் வீட்டிலும் தோட்டத்திலும் நம் வாயில் வருவது 'வாளை'. பிள்ளையின் காது கேட்டதைக் கை அப்படியே எழுதியிருக்கிறது. கவனமாகக் கேட்கிற பிள்ளைதான் இந்தத் தப்பைச் செய்யும். அதற்காகத் தலையில் குட்டவோ, நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கவோ வேண்டாம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம் நீங்களே வாய்விட்டு வாசியுங்கள். ழகரம் வரும் இடத்தில் நாக்கை நன்றாக மடித்துச் சொல்லுங்கள். கேட்டு எழுதின பிள்ளை, கேட்டே திருத்திக்கொள்ளும்.

வாசிப்பைச் சோதிக்கத் தனிப் புத்தகம் வேண்டாம். வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நின்றால் போதும். "இது எந்த ஊரு பஸ்சுலே?" என்று ஆச்சி கேட்கிறாள். பேரன் பலகையை அண்ணாந்து பார்க்கிறான். "கல்... லி... டைக்... குறிச்சி, ஆச்சி." ஒன்பது எழுத்து, அதில் மூன்று புள்ளி எழுத்து. ரெண்டாப்பில் 'கல்' என்று ஆரம்பித்து மீதியைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பான். இப்போது 'டைக்' என்ற இடத்தில் ஒரு நொடி நின்று, அந்தக் க்-ஐ விழுங்காமல் சொல்லிவிட்டுப் போகிறான். அடுத்தது ஆழ்வார்குறிச்சி. ரகரமும் றகரமும் ஒரே பேரில் இருக்கின்றன. எது எங்கே என்று எழுதச் சொன்னால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். மூன்றாவது பஸ் சேரன்மகாதேவி. ஊரெல்லாம் சேர்மாதேவி என்று சொல்லும்போது பலகையில் ஏன் இத்தனை எழுத்து என்று அவன் கேட்டால், அந்தப் பிள்ளை எழுத்தை உண்மையிலேயே வாசிக்கிறான் என்று பொருள். தெரிந்த பேரை வைத்து ஊகிக்கிற பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வராது.

மூணாப்புக்கு இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்கலாம். ஹார்வர்டு பேராசிரியர் ஜீன் சால் வாசிப்பின் படிநிலைகளைப் பற்றி 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். எட்டு வயசுவரை பிள்ளைகள் வாசிக்கக் கற்கிறார்கள், ஒன்பதை ஒட்டி வாசித்துக் கற்கத் தொடங்குகிறார்கள் என்பது அதில் அவர் காட்டிய முக்கியமான திருப்பம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அந்தத் திருப்பம் புத்தகப் பையிலேயே தெரியும். முதல் ரெண்டு வகுப்பில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருந்தது, மூணாப்பில் அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்துவிடுகிறது. பத்தி பத்தியாக வாசித்தால்தான் பாடம் புரியும். தேசிய அளவில் 2021 நவம்பரில் நடந்த அடைவு ஆய்வுக்கு 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். 2024 டிசம்பரில் 3, 6, 9. மற்ற வகுப்புகள் மாறின, மூணாப்பு மாறவில்லை. கொரோனாவில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்த பிறகு, அடுத்த ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை ஆரம்பித்ததும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அதற்குத் தக்கபடி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. உங்கள் பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று டீச்சர் சொன்னால் முகம் வாடாதீர்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அது பெரிய காரியம்.

இனிக் கணக்கு நோட்டு. 502இல் 267ஐக் கழி என்றதற்கு 365 என்று விடை. பக்கத்தில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அவசரப்பட்டு 'கவனமில்லை' என்று சொல்லிவிடாமல் ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். ரெண்டிலிருந்து ஏழு போகாது, ஆகவே ஏழிலிருந்து ரெண்டைக் கழித்து 5. பூஜ்யத்திலிருந்து ஆறு போகாது, ஆகவே 6. ஐந்தில் ரெண்டு போக 3. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும் என்று முன்னால் படித்ததை, மூன்று இடத்திலும் பிறழாமல் கடைப்பிடித்திருக்கிறது பிள்ளை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 1978இல் இதைத்தான் எழுதினார்கள்: பிள்ளைகளின் கழித்தல் தப்புகளில் பலவற்றுக்கு ஒரு விதி இருக்கிறது, அந்த விதியைக் கண்டுபிடித்தால் திருத்திவிடலாம்.

திருத்துவதற்கு ஐந்து நூறு ரூபாய்த் தாளும் ரெண்டு ஒற்றை ரூபாயும் கையில் கொடுத்து, "267 ரூபா எடுத்துக் குடு பாப்போம்" என்று சொல்லுங்கள். ஏழு ரூபாய்க்குச் சில்லறை இல்லை. பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஒரு நூறை மாற்றினால் பத்துப் பத்து ரூபாய். அதில் ஒன்றை மறுபடியும் மாற்றினால் பன்னிரண்டு ஒற்றை ரூபாய் சேரும். இதைக் கையால் செய்த பிறகு நோட்டைப் பாருங்கள். 5ஐ அடித்து மேலே 4, பூஜ்யத்தை அடித்து 9, ரெண்டின் தலையில் 12. நடுவில் நிற்கிற அந்தச் சின்ன 9தான் மூணாப்புக் கணக்கிலேயே எனக்குப் பிடித்த எண். ஒன்றுமில்லாத இடம் நூறிடம் கடன் வாங்கி, வாங்கிய கையோடு ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறது. இதைப் புரிந்து எழுதின பிள்ளைக்கு விடை 235 வந்தே தீரும்.

வாய்ப்பாட்டையும் ஒப்பிப்பதோடு விட்டுவிடாதீர்கள். 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று ராகம் போட்டுச் சொல்லி வரும்போது நடுவில் நிறுத்தி, "அப்போ எட்டேழு?" என்று கேளுங்கள். யோசிக்கிற கண்ணைப் பாருங்கள். மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால் இன்னும் பாட்டாகத்தான் இருக்கிறது. "அதேதானே" என்று சட்டென்று சொன்னால் கணக்காகிவிட்டது.

இந்த வருஷத்தில் நான் ரசிக்கிற இன்னொன்று, பிள்ளை சத்தமில்லாமல் வாசிக்கத் தொடங்குவது. முதலில் உதடு மட்டும் அசையும், பிறகு அதுவும் குறையும். பிறகு ஒருநாள் புத்தகத்தைப் பார்த்துத் தானாகச் சிரிக்கும். சத்தமாகக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்த்து நாம் பூரித்துப்போகிறோம். கேள்விக்குறி வருமிடத்தில் குரல் ஏறுகிறதா, முற்றுப்புள்ளியில் இறங்குகிறதா என்று கேட்பதில்லை. பொருள் புரிந்ததா என்பதை அந்த ஏற்ற இறக்கமே சொல்லிவிடும்.

உடம்பையும் கவனிக்க வேண்டிய வயசு இது. பால்பல் விழுந்து, சின்ன முகத்துக்கு ஒவ்வாத பெரிய முன்பற்கள் ரெண்டு வந்து நிற்கும். அதைக் கேலி செய்யாதீர்கள். கரும்பலகையிலிருந்து எழுதியதில் மட்டும் தப்பு நிறைய இருந்து, புத்தகத்தைப் பார்த்து எழுதியது சரியாக இருந்தால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியும் இருக்கிறது, 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனையும் திருநெல்வேலியில் இருக்கிறது. கண்ணாடி போட வேண்டிய பிள்ளையை மக்கு என்று திட்டுவது கொடுமை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது டீச்சரிடம் ரெண்டு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை எந்த எழுத்தில் தயங்குகிறது, எந்த மாதிரிக் கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்கிறது? பதிலைக் கேட்டுக்கொண்டு, அந்த நோட்டை வீட்டுக்கு வாங்கி வந்து பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள்.