கை மட்டும் தெரியும் மனிதன்: சித்திரக்கதை நினைவேக்கமும் பதுளைத் தோட்டப்புறமும்

சிறுபராயத்தில் வாசித்த சித்திரக்கதைகளை வளர்ந்த பின்னர் தேடிச் சேகரிப்பதும், அவற்றை ஆக்கியோரை மாநாடுகளிலே நேரிற் கண்டு உரையாடுவதும் இன்று பல நாடுகளில் வேரூன்றிவிட்ட வழக்கங்களாகும். நமது திறனாய்வு மரபு இவற்றைப் பெரும்பாலும் பொழுதுபோக்கென ஒதுக்கிவந்துள்ளது. ஆயின், பெருந்தொகையான மக்கள் எதனை நேசிக்கின்றனரோ அதனை ஆராயாது விடுவது சமூகவியல் நோக்குடைய விமர்சகருக்குப் பொருந்துவதன்று. நினைவேக்கம் எதனைப் பேணுகின்றது, எதனை மறக்கின்றது என்னும் வினாவைப் பதுளை மாவட்டத் தோட்டப்புறத்தில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் இந்நினைவேக்கத்தின் மையமாக விளங்குவன சிவகாசியிலிருந்து வந்த சித்திரக்கதை வெளியீடுகளாகும். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதலாவது இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றிற்று. அவற்றை வாசித்து வளர்ந்த தலைமுறையினர் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவையொட்டி ஒன்றுகூடி, அவ்வெளியீடுகளின் ஆசிரியர் எஸ். விஜயனைச் சந்தித்து, பழைய கதைகளுக்கு மறுபதிப்பு வேண்டிவந்துள்ளனர். மேலை நாட்டு மாநாடுகளோடு ஒப்பிடுகையில் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. அங்கு வாசகர் காண்பது கதாசிரியரையும் ஓவியரையும். இங்கு காண்பது பதிப்பாசிரியரை. மொழிபெயர்ப்பில் வந்த கதைகளாதலின் இது இயல்பே எனலாம். ஆயினும் இதன் வேர் மொழிபெயர்ப்புக்கு அப்பாலும் செல்கின்றது.

‘இரும்புக்கை மாயாவி’ 1962 முதல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் வெளிவந்த தொடராகும். கென் புல்மர் தொடக்கக் கதைகளை எழுத, ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அக்காலத்துப் பிரித்தானியச் சிறுவர் வார இதழ்கள் ஆக்கியோரின் பெயர்களைப் பொதுவாக அச்சிடுவதில்லை. பெயரறியாத் தொழிலாளி பேரம் பேசவியலாதவன். வாசகர் கடிதம் அவனை எட்டாது. போட்டி நிறுவனம் அவனை அழைக்காது. 1977இல் தொடங்கிய ‘2000 ஏடி’ என்னும் இதழே இவ்வழக்கத்தை மாற்றுவதில் முன்னின்றது. இங்கிலாந்திலேயே மறைக்கப்பட்ட பெயர் சிவகாசிக்கு வந்துசேர வாய்ப்பில்லை. 1995இல் பிளாஸ்கோ மறைந்தபோது, அவருடைய கோடுகளைப் பார்த்தே வளர்ந்த தமிழ் வாசகர் பலருக்கு அவர் யாரென அறியும் வழியே இருக்கவில்லை. அண்மைக்காலத் தமிழ்ப் பதிப்புகளில் ஆக்கியோர் பெயர்கள் இடம்பெறுவது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

பொம்மைகளுக்கெனவே ஆக்கப்பட்ட சித்திரக்கதைகளில் இம்முரண்பாடு மேலும் கூர்மையடைகின்றது. 1982இல் ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்கப் பொம்மை நிறுவனம் தனது ‘ஜீ.ஐ. ஜோ’ பொம்மைகளுக்காக மார்வல் நிறுவனத்தைக் கொண்டு கதைத்தொடரொன்றை வெளியிட்டது. தொலைக்காட்சிப் பொம்மை விளம்பரங்களில் அசைவோவியத்தை விரும்பியவாறு பயன்படுத்த அக்காலத்திற் கட்டுப்பாடு இருந்தது. கதைப் புத்தக விளம்பரத்துக்கு அத்தடை இருக்கவில்லை. ஆகவே புத்தகத்தை விளம்பரஞ் செய்வதன் மூலம் பொம்மை விற்கப்பட்டது. 1984இல் ‘டிரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ தொடங்கியபோது, அப்பொம்மைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணவியல்பும் அளித்தவர் மார்வல் ஊழியரான பொப் புடியான்ஸ்கி. அவர் சூட்டிய பெயர்களோ நிறுவனத்தின் உடைமைகளாயின. குழந்தைகளாக அவற்றை வாசித்தோர் வளர்ந்து மாநாடுகளைக் கூட்டியபோதுதான் இத்தகைய ஆக்குநர்கள் மேடைக்கு அழைக்கப்பட்டனர். 2010இல் ஹாஸ்ப்ரோ நிறுவனமே புடியான்ஸ்கியைத் தனது கௌரவப் பட்டியலிற் சேர்த்தது. கால் நூற்றாண்டு கழித்து வந்த இக்கௌரவம் உடைமை உறவு எதனையும் மாற்றிற்றில்லை.

இனிப் பதுளைக்கு வருவோம். முத்து காமிக்ஸ் தொடங்கிய 1972ஆம் ஆண்டைப் பலர் பொற்காலத்தின் முதலாண்டாக நினைவுகூர்வர். மலையகத்துக்கு அவ்வாண்டுகள் வேறு பொருளுடையன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. 1973–74இல் தோட்டப்புறங்களிலே பட்டினி மரணங்கள் நேர்ந்தன. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியும் அக்காலத்திற் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது; 1977இன் திறந்த பொருளாதாரமே அத்தளையை நீக்கிற்று. அத்தடை ஈழத்து வெளியீட்டு முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது உண்மையே. ஆனால் லயத்துப் பிள்ளைக்குத் தடைக்கு முன்பும் பின்பும் புத்தகம் எட்டாப் பொருளாகவே இருந்தது. எனவே ‘நம் எல்லோருடைய பால்யம்’ என்று பேசும் நினைவேக்கம், வாங்கும் சக்தி பெற்றிருந்தோரின் பால்யத்தையே அனைவருக்கும் பொதுவானதாக்கிக் காட்டுகின்றது.

லயங்களில் விளையாட்டு இல்லாமலில்லை. ரின்பால் பேணியிற் சக்கரம் பூட்டிய வண்டியும், தேய்ந்த டயரும் பிள்ளைகளின் சொந்த உற்பத்திகளாயிருந்தன. கழிவுப் பொருள்களிலே குழந்தைகள் தமக்கென ஓர் உலகை ஆக்கிக்கொள்வதை வால்டர் பெஞ்சமின் 1928இலேயே எழுதிச் சென்றார். இக்கட்டுரையாளரின் சிறுபராயத்தில், பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்துக்கு அட்டையும் கடைசிப் பக்கங்களும் இழந்த சித்திரக்கதை இதழொன்று வந்துசேர்ந்தது. அதிலிருந்தவர் லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரர். காட்டு மக்களைப் பரம்பரை பரம்பரையாகக் காத்து ஆளும் வெள்ளையர். அக்கதையை விளையாடியபோது முகமூடி வீரராக நடித்தவனை நாங்கள் ‘பெரிய துரை’ என்றே அழைத்தோம். காட்டு மக்களாக நடிக்க ஒருவரும் முன்வரவில்லை.

சிலியில் 1971இல் டோர்ஃப்மனும் மட்டலாரும் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஏகாதிபத்தியக் கருத்தியலின் வாகனமாக இனங்காட்டினர். அவ்வாய்வின் பெறுமதி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும், வாசிக்கும் குழந்தை கருத்தியலை அப்படியே உட்கொள்ளும் வெறும் பாத்திரமன்று. தோட்ட நிர்வாகத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளை, முகமூடிக்குள் இருப்பவர் யாரென எளிதில் அடையாளங்கண்டுகொண்டது. வர்க்க அனுபவம் வாசிப்பினுள்ளும் தொழிற்படுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

‘இரும்புக்கை மாயாவி’யின் கதைக்கரு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. ஆய்வுகூட விபத்தில் கையிழந்த உதவியாளன் ஒருவன் இரும்புக்கை பொருத்திக்கொள்கின்றான். மின்சாரம் பாய்ந்ததும் அவனது உடல் மறைந்துவிடும். கை மட்டுமே தெரியும். ஆக்கியோர் எண்ணியிராவிடினும், கூலியுழைப்பின் நிலையை இதைவிடத் துலாம்பரமாகக் காட்டும் படிமம் அரிது. வரைந்த கை பக்கந்தோறும் தெரிந்தது, வரைந்தவர் தெரியவில்லை. 1890இல் ஊவாவின் தம்பத்தன்னையில் தேயிலைத் தொழிற்சாலை அமைத்த தோமஸ் லிப்டனின் விளம்பரங்களிலே, கூடை சுமந்த தமிழ்ப் பெண் உலகெங்கும் காட்சியளித்தாள். பெட்டியிலிருந்த பெயர் லிப்டனுடையது. தோட்டத்திலே ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவு. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். பெயரே கூலியின் அலகாகிவிட்ட ஓரிடத்தில் வளர்ந்தவருக்கு, பெயரில்லாத சித்திரக்கதைப் பக்கம் வெறும் பதிப்புக் குறைபாடாகத் தோன்றுவதில்லை.

இதனால் நினைவேக்கத்தையோ மாநாடுகளையோ பயனற்றவையெனத் தள்ளிவிட இயலாது. தன் பால்யத்தின் பொருளொன்றை ஆக்கியவரை நேரிற் கண்டு, ‘இதனை எவ்வாறு செய்தீர்கள்? உங்களுக்கு என்ன கிடைத்தது?’ என்று வாசகர் வினவும்போது, பண்டத்தின் பின்னால் மறைந்திருந்த உழைப்பு ஒரு கணமேனும் வெளிப்படுகின்றது. அதே வேளையில், கையொப்பமும் விலைக்கு விற்கப்படுகின்றது. சந்தை அவ்வுறவை மீண்டும் விழுங்குகின்றது. கொழும்பிலே 2015 முதல் நடைபெற்ற சித்திரக்கதை மாநாடுகள் இவ்விரண்டினுள் எதனை வளர்க்கும் என்பது, அங்கு கூடுவோர் எவ்வினாவைக் கேட்கின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.

தமிழ்ச் சூழலில் உடனடியாகச் செய்யவேண்டியவை சில உண்டு. மறுபதிப்புக் கோருவோர், மூல ஆக்குநரோடு மொழிபெயர்த்தோர், எழுத்துப் பொறித்தோர் ஆகியோரின் பெயர்களையும் அச்சிடுமாறு கோரல் வேண்டும். உயிரோடிருக்கும் தமிழ்ச் சித்திரக்கதைத் தொழிலாளரின் வாய்மொழி வரலாறுகள் பதிவு செய்யப்படல் வேண்டும். மலையகத்துப் பிள்ளைகள் தாமே செய்த விளையாட்டுப் பொருள்களையும், லயங்களிற் கைமாறிய புத்தகங்களையும் பற்றிய நினைவுகள் இப்பொழுதே திரட்டப்படாவிடின் ஒரு தலைமுறையோடு அழிந்துவிடும். ஊவாவின் பாடசாலைகளிலிருந்தே பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள நமது தமிழ்ச்சங்க மாணவர், விடுமுறையில் வீடு செல்லும்போது இப்பணியைத் தம் லயத்திலிருந்தே தொடங்கலாம்.