கருவறையில் தேடப்படும் குற்றவாளி

1990களில் அமெரிக்காவில் குற்றங்கள் குறைந்தமைக்கு, 1973இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானதும் ஒரு முக்கிய காரணம் என்கிறது, லெவிற்றும் டப்னரும் எழுதிய 'ஃபிறீக்கனொமிக்ஸ்' (2005). வேண்டப்படாத பிள்ளைகள் பிறக்கவில்லை, குற்றமும் குறைந்ததாம்.

ஆனால் 14 முதல் 17 வயதினரின் கொலைகள் உச்சத்தைத் தொட்டது 1993 அளவில். அவர்கள் பிறந்ததோ சட்டம் மாறிய பின்னர். கிறாக் கொக்கெயின் வியாபாரமே அந்த ஏற்றத்துக்குக் காரணம் என்பது லெவிற்றின் பதில். அந்த வியாபாரம் சரிந்ததையும் நூல் ஒரு காரணமாக ஏற்கிறது. அப்படியாயின், இளவயதினர் விடயத்தில் கருக்கலைப்புக்கு எஞ்சும் பங்கு எவ்வளவு?

ஏறும்போது தெருவையும், இறங்கும்போது தாயின் வயிற்றையும் காட்டுவது ஆய்வாகாது. கருக்கலைப்பு பெண்ணின் உரிமை. அதைக் குற்றக் கணக்கில் சேர்ப்பது, யார் பிறக்கத் தகுந்தவர் என்ற பழைய, ஆபத்தான கேள்விக்கே வழிதிறக்கிறது.