அங்கொடையும் ‘காதுக’ளும்

கொழும்பில் ‘அங்கொடை’ ஊர்ப்பெயர் மட்டுமன்று, வசைச்சொல்லுமாகும். அங்குள்ள மனநோய் மருத்துவமனை ஆண்டுக்கணக்கில் மனிதரை அடைத்து வைத்ததன் வடு அது. சமூகத்தினிடையே பராமரிப்பதே நெறியென 2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை வகுத்தது. நோக்கம் நன்று. ஆனால் அந்தச் சமூகம் யார்?

1993இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற எம். வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ நாவலை இவ்வினாவோடு பயிலல் வேண்டும். செவிக்குள் ஒலிக்கும் குரல்களால் வதைபடும் மகாலிங்கம் மனைவி மக்களிடையே வாழ்கிறான். அவன் வேதனையை ஆசிரியர் ஈடிணையின்றிச் சித்திரிக்கிறார். அவனைத் தாங்கும் இல்லத்தாளின் உள்ளமோ நிழலிலேயே நின்றுவிடுகிறது.

அந்நிழல் வாழ்விலும் படியலாகாது. கொட்டாஞ்சேனையின் ஒற்றையறை வீட்டில் ஒரு பெண் ஊதியமும் ஓய்வுமின்றித் தனித்துச் சுமப்பது சமூகப் பராமரிப்பாகாது. மீள்பவருக்கு உறைவிடமும் தொழிலும், தாங்குபவருக்கு உதவிப்பணமும் அரசின் கடன். அவரை அயலவராக ஏற்பது நம் கடன்.