சீனிக் கப்பல்

புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் சேறு. கோலா சிலாங்கூர்க் கரையில் நின்று பாருங்கள்: தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருக்கும், நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சகதிதான். முழங்கால் வரை இறங்கியதற்கே அம்மாவிடம் பிரம்படி வாங்கியவன் நான். 43 வயதில் முக்குளிக்கப் போகிறேன் என்றதும் பெரியம்மா கேட்டார், “மீன் பாக்க திரெங்கானு வரைக்குமா? பாசாருக்குப் போனா ஆகாதா?”

ஆகாது பெரியம்மா!

பெர்ஹெந்தியான் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. சீனி மூட்டைகளோடு வந்து 2000-ஆம் ஆண்டு மூழ்கியது. சுமார் 90 மீட்டர் நீளம். அடித்தரை 18 மீட்டர்தான். முதல் கட்டப் பயிற்சி முடித்தவர்கள் இறங்கலாம் என்று வைத்திருக்கும் எல்லையும் அதே 18 மீட்டர். எனக்கென்றே மூழ்கியது போல!

கயிற்றைப் பிடித்து இறங்கும்போது மூன்றாவது மீட்டரிலேயே காது குத்தியது. மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினேன், டப்பென்று திறந்துகொண்டது. “பெலான் பெலான்” என்று மேலே நூறு தடவை சொன்ன மலாய்ப் பயிற்றுநர், கீழே கையை மட்டும் தாழ்த்திக் காட்டினார். பதிலுக்கு நான் உற்சாகமாகக் கட்டைவிரலை உயர்த்தினேன். தண்ணீருக்கடியில் அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள். மனிதர் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

அப்புறம் பச்சை மங்கலுக்குள்ளிருந்து கப்பல் வந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, தூங்குகிற யானை மாதிரி. இரும்பு தெரியவில்லை, சிப்பியும் பாசியும் பவளமும் அப்பிக்கிடந்தன. என் சிவப்புக் கைப்பட்டை பழுப்பாகத் தெரிந்தது, ஆழத்தில் முதலில் தொலைவது சிவப்பு நிறம்தான். விளக்கை அடித்ததும் கப்பல் முழுக்கச் செம்பும் ஆரஞ்சுமாகப் பற்றிக்கொண்டது. தகட்டுக்கடியில் மூங்கில் சுறாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன, மதியச் சாப்பாடு முடித்த லயத்து ஆட்களைப் போல. பேத்தை மீன் ஒன்று முட்டைக்கண்ணால் என்னை முறைத்தது. சிங்க மீன் முள்செட்டைகளை விசிறியாக விரித்துத் தொங்கியது. அதன் முள்ளில் விஷம், தொடக் கூடாது. சீனி? ஒரு மணி இல்லை. எப்போதோ கரைந்து கடலோடு போயிருக்கும்.

மறுநாள் ஆறேழு மீட்டர் ஆழத்தில் பவளப்பாறை. அங்கே நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்: கறுக், கறுக், கறுக். கிளிமீன்கள் பாறையைக் கடித்து அரைக்கிற சத்தம், முறுக்குத் தின்பது போலவே. அரைத்ததை அவை பின்னால் வெண்மணலாகக் கழித்துவிட்டுப் போகின்றன. அழகான கடற்கரையில் புரளும்போது இதை நினைக்காதீர்கள்.

ஆழத்துக்குப் போனால்தான் வீரம் என்பவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். 30 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் 10 மீட்டரில் செலவாவதுபோல இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். மேல்மட்டத்தில் வெயில் உண்டு, நிறம் உண்டு, சிலிண்டரில் காற்றும் நின்று பேசும். ஒரே நண்டை இருபது நிமிடம் வேடிக்கை பார்க்கலாம். நான் பார்த்தேன்.

இரவு முக்குளிப்பில் விளக்கை அணைத்துக் கையை வீசச் சொன்னார்கள். விரல் நுனியெல்லாம் நீலப்பொறி! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஒளி. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவை ஒரே தாளத்தில் அணைந்து எரியும். இவற்றுக்குத் தாளமே கிடையாது, கை போன பக்கமெல்லாம் எரிந்தன. குழாயைக் கடித்துக்கொண்டே சிரித்ததில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது.

ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நீந்தத் தெரியாது என்று தள்ளிப்போடுபவர்கள் இன்றே குளத்தில் இறங்குங்கள். கோலா பெசுட் படகுத்துறையிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணிக்குள் தீவு. நவம்பரில் மழைக்காற்று தொடங்கினால் மார்ச் வரை கடல் விடாது, அதற்குள் கிளம்பிவிடுங்கள்.